கலைவாணர் அரங்கில் ஒரு மஃரிப்



குற்றாலம் கலைவாணர் கலையரங்கத்துக்குள் நான் முதன்முறையாகக் காலடி வைத்தது என் முப்பத்தெட்டாம் வயதில். வெளியூர்ச் சகோதரிகளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. தென்காசியில் பிறந்து தென்காசியிலேயே வாழ்க்கைப்பட்ட ஒருத்தி இப்படிச் சொன்னால் உள்ளூரில் நம்ப மாட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். அதோடு, விழா நாள்களில் அந்த அரங்கில் போடப்பட்ட நாற்காலிகளில் சில நூறு எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து போனவை.

என் வாப்பா வாடகைக் கடை வைத்திருந்தார். இரும்பு மடக்கு நாற்காலி, ஜமக்காளம், பிரியாணி அண்டா, குழல் விளக்கு எல்லாம் அவரிடம் கிடைக்கும். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் வெள்ளைச் சாயத்தில் அவர் பெயரின் முதலெழுத்து இருக்கும். கோடையில் அவற்றுக்குச் சாயம் அடிப்பது எங்கள் வீட்டு வேலை. ஆனி பிறந்து ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கி, சாரல் தொடங்கிவிட்டால் இரும்பு துருவேறும். துருப்பிடித்த நாற்காலியில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்து எழுந்தால் அந்த ஆண்டு வாடகையே போய்விடும் என்று வாப்பா சொல்வார். ஜமக்காளத்துக்கும் ஓய்வு கிடையாது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கொடைக்குப் போய் வந்தது, துவைத்து உலர்ந்து, ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் மார்க்கப் பயானுக்கு விரியும். யாரும் இதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

குற்றாலத்தின் அரங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்து, வில்லுப்பாட்டிலும் நாடகத்திலும் வளர்ந்து, திரையில் நாட்டையே சிரிக்க வைத்து, 1957-ல் மறைந்த என்.எஸ். கிருஷ்ணனின் சிறப்புப் பெயர்தான் கலைவாணர். சென்னையிலும் அவர் பெயரில் ஓர் அரங்கம் உண்டு. கொரோனாவின்போது, 2020 செப்டம்பரில், கோட்டையில் இடைவெளி விட்டு அமர இடம் போதாமல் தமிழகச் சட்டமன்றமே அந்த அரங்கில்தான் கூடியது. நகைச்சுவை நடிகர் ஒருவர் பெயரிலுள்ள கூடத்தில் சட்டமும் நிதிநிலையும் பேசப்பட்டதை நினைத்தால் அவரே சிரித்திருப்பார். பொது அரங்கம் என்பதன் இலக்கணமே அதுதான் போலும். அதற்கென்று தனித் தொழில் கிடையாது. அன்று வருகிறவரின் தொழிலே அதன் தொழில்.

குற்றாலத்து அரங்கம் சென்னையதைப் போலப் பெரியது அன்று. ஆனால் எங்கள் பக்கத்துக்கு அதுவே பெரிது. அருவிகளில் தண்ணீர் ஆர்ப்பரிக்கும் பருவத்தில் சாரல் திருவிழா அங்கே நடக்கிறது. ஒரு நாள் கோலப் போட்டி, ஒரு நாள் ஆணழகன் போட்டி, ஒரு நாள் கொழுகொழு குழந்தைகள் போட்டி. மாலையில் பரதம், கிராமியக் கலைகள், பட்டிமன்றம், இன்னிசை. கொரோனாவால் 2020-லும் 2021-லும் ஓசையற்றுக் கிடந்து, 2022 ஆகஸ்டில் மீண்டும் விழா கண்டது. அதற்குள், 2019 நவம்பர் 22 முதல், தென்காசி தனி மாவட்டமாகியிருந்தது.

கொழுகொழு குழந்தைகள் போட்டிக்கு நம் வீட்டுப் பிள்ளைகளும் போகத்தான் செய்கிறார்கள். என் நாத்தனார் தன் மகனைக் கூட்டிப்போக ஆசைப்பட்டு, என் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. “ஆயிரம் கண்ணு படும். பிள்ளையக் காட்டிப் பரிசு வாங்கணுமா?” என்றார் மாமி. கண்ணேறு உண்மை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எங்கள் மாமி அதை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக வைத்திருந்தார்.

எனக்கு அந்தக் கதவு அடைபட்டது பதினான்காம் வயதில். ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைப் போட்டி ஒன்றில் இரண்டாம் பரிசு கிடைத்தது. குற்றாலத்தில் அரங்கத்தில் வைத்துத் தருவார்கள் என்று டீச்சர் சொன்னார். ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். வாப்பா அப்போது அதே அரங்கத்துக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தார். கேட்டதும் உடனே மறுக்கவில்லை. கயிற்றை இறுக்கி முடித்து, வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு, “அங்க ஆட்டம் பாட்டம்லாம் இருக்கும்மா. ராத்திரி ஆயிடும். டீச்சர்ட்டச் சொல்லி வாங்கிக்கிடலாம்” என்றார். அவ்வளவுதான். வண்டி புறப்பட்டது. என் வாப்பாவின் நாற்காலிகள் போன இடத்துக்கு வாப்பாவின் மகள் போகவில்லை. ஒரு வாரம் கழித்துச் சான்றிதழ் பள்ளிக்கு வந்தது. கணக்கு வகுப்பின் நடுவே டீச்சர் எடுத்துக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்தேன்.

அவரை நான் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கடுமையானவர் அல்லர். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவரே. அதற்காக உறவில் பேச்சுக் கேட்டவரும் அவரே. பத்தாண்டுகளுக்கு முன் அல்லாஹ்விடம் மீண்டுவிட்டார். கடையும் கைமாறியது. எனினும் அந்த மாலையை நான் மறக்கவில்லை.

சென்ற ஆண்டு என் மகளுக்குப் பேச்சுப் போட்டியில் பரிசு. விழா மேடையில் தருவார்கள் என்று பள்ளியிலிருந்து செய்தி வந்தபோது, நான் மாமியிடம் கேட்கவில்லை, சொன்னேன். கணவர் அபுதாபியிலிருந்து “போயிட்டு வாங்க” என்றார். மாமி மட்டும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “மஃரிபை விட்டுராதீங்க.”

அந்த வாக்கியத்தைத்தான் நான் சுமந்துகொண்டு போனேன்.

நன்னகரம் தாண்டும்போதே காற்றில் ஈரம். சாலையோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருந்தன. மழை வலுத்ததால் நிகழ்ச்சி தாமதமாயிற்று. மழையை யார் என்ன சொல்ல முடியும்? கூரைமேல் நீர் விழும் ஓசையும் ஒலிபெருக்கியும் மாறி மாறிக் கேட்டன. நாங்கள் நடுவரிசையில் அமர்ந்தோம். நாற்காலியின் முதுகைத் திரும்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக், வேறு யாருடைய எழுத்தோ. எங்களுக்கு முன்வரிசையில் கடையநல்லூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, புர்காவில் மூன்று பெண்கள், தூக்குவாளியில் சுண்டல். நான் எதிர்பார்த்தது போல எவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளாக நான் அஞ்சிய கூட்டம் தன் பிள்ளைகள் மேடையேறுவதைப் பார்க்கும் அவசரத்தில் இருந்தது.

மேடையில் நடப்பவை அனைத்தும் நமக்கு உகந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. திரைப்பாட்டுக்கு ஆடியபோது நாங்கள் எழுந்து வெளியே போய்த் தேநீர் குடித்தோம். பாட்டு முடிந்ததும் திரும்பினோம். பொது இடத்தில் வாழ்வது இப்படித்தான். வேண்டாததற்கு எழுந்துபோகக் கால்கள் இருக்கின்றன.

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் மஃரிப் ஏறத்தாழ 6.45-க்கு. பரிசளிப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. மகளின் பெயர் எத்தனையாவது என்று தெரியாது. என் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. இஷாவுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. காத்திருந்து பரிசை வாங்கிவிட்டுத் தொழுதிருந்தால் தொழுகை தவறியிருக்காது. இது எனக்கு அப்போதும் தெரியும். ஆயினும் எழுந்தேன். உண்மையைச் சொன்னால், என்னை எழுப்பியது இறையச்சம் மட்டும் அன்று. வீட்டில் கேட்கப்படப்போகும் கேள்விக்கு நான் தயாரித்துக்கொண்டிருந்த பதிலும் அதில் பாதி.

மேடைக்குப் பின்புறம் குழாயில் உளூ செய்தோம். தண்ணீர் அருவித் தண்ணீரைப் போலக் குளிர்ந்தது. பெருக்கும் அம்மா ஒருவரிடம் இடம் கேட்டேன். ஒப்பனை அறையைத் திறந்துவிட்டார். உள்ளே பரதம் ஆடக் காத்திருந்த ஏழெட்டுச் சிறுமிகள், முழு ஒப்பனையில், கால்களில் சலங்கையோடு. நான் தயங்கினேன். அவர்களில் பெரியவள் “தொழணுமா ஆன்ட்டி?” என்று கேட்டுவிட்டு, மற்றவர்களைச் சுவரோரம் ஒதுக்கினாள். தன் பையிலிருந்து பருத்தித் துண்டொன்றை எடுத்து விரித்தாள். திசை தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் மலை இருக்கும் பக்கம் கிப்லா; மேற்கிலிருந்து சற்றே வடக்குப் பக்கம் சாய வேண்டும், அவ்வளவே.

தக்பீர் கட்டியதும் அந்த அறையில் நிலவிய அமைதியை நான் எப்படி எழுதுவேன்? எட்டுச் சிறுமிகள் சலங்கை ஒலித்துவிடாமல் காலை அசைக்காது நின்றார்கள். ஒருத்தியின் சலங்கை லேசாகச் சிணுங்க, இன்னொருத்தி “ஷ்” என்றாள்.

இரண்டாம் ரக்அத்தில் சுவருக்கு அப்பால் ஒலிபெருக்கியில் என் மகளின் பெயர் கேட்டது. முதல் பரிசு. பெயர், வகுப்பு, பள்ளி. சற்று இடைவெளி. மீண்டும் பெயர். பிறகு அடுத்த பெயர்.

என் பக்கத்தில் அவள் நின்றாள். தொழுகையை முறிக்கவில்லை. ஸஜ்தாவில் அவள் நெற்றி தரையில் பட்டபோது தோள் குலுங்கியதை மட்டும் உணர்ந்தேன். ஸலாம் கொடுத்ததும் அவள் என்னை நோக்கித் திரும்பினாள். கண்ணீர் இருந்தது, கோபமும் இருந்தது. “அப்புறம் தொழுதிருக்கலாம்லா உம்மா? நேரம் இருந்துச்சுல்லா?” என்றாள். பதிமூன்று வயதுப் பிள்ளை. மதரஸாவில் தொழுகை நேரங்களை நான் சேர்த்துவிட்டுக் கற்ற பிள்ளை. அவளுக்கு என்ன மறுமொழி சொல்வேன்? “இருந்துச்சும்மா” என்றேன்.

விழாவினர் மீது ஒரு குற்றமும் இல்லை. பெயரை இருமுறை அழைத்தார்கள். ஒரு பிள்ளைக்காக மேடை காத்திருக்க முடியாது. பிழை என்னுடையது, அதுவும் அந்த மாலையில் செய்த பிழை அன்று. பள்ளியிலிருந்து செய்தி வந்த அன்றே, “இந்த நேரத்தில் நாங்கள் தொழச் செல்வோம், அவள் பெயரை முன்னோ பின்னோ அழைக்க இயலுமா?” என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். எனக்கு அது தோன்றவேயில்லை. கேட்டால் மறுப்பார்கள் என்றுகூட நான் எண்ணவில்லை. கேட்கலாம் என்பதே எண்ணத்தில் இல்லை. பொது இடத்துக்குப் போவதென்றால் நம் தேவையை வீட்டிலே வைத்துவிட்டு, அல்லது ஒரு மூலையில் ஒளித்துக்கொண்டு போக வேண்டும் என்ற பழக்கம் எங்கிருந்து வந்ததோ.

எல்லாம் முடிந்தபின் பள்ளி ஆசிரியை எங்களைத் தேடி வந்தார். சான்றிதழும் கேடயமும் அவர் கையில் இருந்தன. விருந்தினர்கள் போய்விட்டார்கள். “வாங்க, மேடையிலேயே வச்சு வாங்கிக்கோ” என்று மகளைக் கூட்டிச் சென்றார். நான் கீழே நின்று படம் எடுத்தேன். அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. மேடையில் கேடயத்தோடு என் மகள். கண் சிவந்திருக்கிறது, ஆனால் சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னே இரண்டு பேர் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் நரைத்தவர். என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் இறங்கி வந்தார். “மொதலாளி மகதான நீங்க? சின்னப்பிள்ளையில பாத்தது” என்றார். வாப்பாவிடம் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். கடை கைமாறியபோது நாற்காலிகளோடு அவரும் கைமாறினார். நாங்கள் பின்னறையில் தொழுதது அவருக்குத் தெரிந்திருந்தது. மேடைக்கு மேற்கே ஒரு மூலையைக் காட்டினார். “மொதலாளி அங்கதாம்மா நிப்பாரு. கோணிச் சாக்கு ஒண்ண விரிப்பாரு. ‘அஞ்சு நிமிசம், சத்தம் போடாம இருங்கடே’ம்பாரு. மைக்செட்டுக்காரன்கூட வால்யூமக் கொறைப்பான்.”

நான் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுருட்டிய மின்கம்பிகள், உடைந்த ஒரு ஸ்டூல். என்னை அனுப்ப மறுத்த அரங்கத்தில் வாப்பா ஆண்டுதோறும் தொழுதிருக்கிறார். ஐந்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆட்டம் பாட்டம் நடக்கும் இடம் என்று அறிந்தேதான். அவருக்கு அது வேலை செய்யும் இடம். மகளுக்கு அது பார்க்கப்படும் இடம். அந்த வேறுபாடு அவருக்கு இயல்பாகத் தோன்றியிருக்கும். எனக்கு இன்றுவரை முழுதாகச் செரிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில், பிரானூர் பார்டர் பரோட்டா வாங்கித் தருவதாகச் சொல்லியும், மகள் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “ரசூலுல்லாஹ் காலத்துல இந்த மாதிரி மண்டபம் இருந்துச்சா?” இல்லை என்றேன். பிறகுதான் நினைவுக்கு வந்தது. மண்டபம் தனியாக இல்லை. மதீனாவின் பள்ளிவாசலே எல்லாமாக இருந்தது. வெளியூர்த் தூதுக்குழுக்கள் அங்கே தங்கின. வீடற்ற தோழர்கள் திண்ணையில் உறங்கினார்கள். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் அவர்களுக்கு அங்கேயே கூடாரம் அடிக்கப்பட்டது. பெருநாளில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடினார்கள்; அன்னை ஆயிஷா தமக்கே சலிக்கும்வரை பார்த்து நின்றார்கள், நபியவர்கள் மறைவாக நின்று பார்க்கச் செய்தார்கள். இவையெல்லாம் ஹதீஸ் நூல்களில் பதிவானவை, நம் மேடைகளில் அடிக்கடி கேட்பவை. ஆனால் கேட்டுவிட்டு நம் பள்ளிவாசலைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். தென்காசி வட்டாரத்தில் எத்தனைப் பள்ளிகளில் வழிப்போக்கான ஒரு பெண் மஃரிப் தொழ இடம் உண்டு என்று எண்ணிப் பார்த்தேன். நடனச் சிறுமிகள் எனக்கு விரித்த துண்டு நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

நல்லதும் நடக்கத்தான் செய்கிறது. கேரளத்தின் காயங்குளத்தில், 2020 ஜனவரி 19 அன்று, சேராவள்ளி ஜமாஅத் தன் பள்ளிவாசல் வளாகத்தில் ஓர் இந்துப் பெண்ணின் திருமணத்தை நடத்திக் கொடுத்தது. சடங்கு அவர்கள் முறைப்படி, விருந்து சைவம். வறுமையிலிருந்த அந்தத் தாய் ஜமாஅத்திடம் போய் உதவி கேட்டார். அவர்கள் இடத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது தென்மாவட்டங்களில் பள்ளிக்கூடம், மண்டபம், பள்ளிவாசல் எல்லாம் ஒரே வேலையைச் செய்தன. அப்போது யாரும் எந்தக் கூரை யாருடையது என்று பார்க்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

மாமியிடம் அன்றிரவு நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பெயர் அழைத்தபோது தொழுகையில் இருந்தோம் என்றதும் “மாஷா அல்லாஹ்” என்றார். மகள் கேட்ட கேள்வியையும் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “பிள்ள அழுதிருக்கா” என்று மட்டும் சொன்னார்.

இந்த ஆண்டும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். படிவத்தை நிரப்பும்போது நான் பக்கத்தில் இருந்தேன். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பின், அடியில் இருந்த வெற்றிடத்தில் அவளாகவே எழுதினாள்: பரிசு கிடைத்தால், மஃரிப் தொழுகைக்காக 6.45 முதல் 7 மணி வரை நான் மேடையருகில் இருக்க மாட்டேன். அதற்கு முன்போ பின்போ அழைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் என்னை அழைத்தார். “இதை நான் அவங்ககிட்டச் சொல்லிடுறேன். போன வருசமே சொல்லியிருக்கலாமே” என்றார்.

உள்ளறையிலிருந்து மாமியின் குரல் வந்தது. விழா என்றைக்கு என்று கேட்டார். தானும் வரலாமா என்று நேரடியாகக் கேட்கவில்லை. அது அவர் வழக்கம் அன்று. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு என்னவாகும் என்று கேட்டார். பிறகு, வாப்பா கடையில் மிஞ்சிய பழைய ஜமக்காளம் ஒன்று பரணில் கிடக்கிறதே, அதைத் துவைத்துப் போட்டால் அதற்குள் காயுமா என்றும்.